பத்து நாள் முந்தி அடிச்ச மணி

1

மணி அடிச்சதுக்காக எனக்கு எழுத்தில எச்சரிக்கை வந்திருக்கு. பதிவுத் தபாலில வந்தது. தபால்காரப் பெட்டை பனிக்குள்ள நடந்து வந்து, சின்ன மிசினில என்ர கையெழுத்தை வாங்கி, புதுவருச வாழ்த்தும் சொல்லித் தந்திட்டுப் போறா. பிரிச்சுப் பார்த்தா மூண்டு பக்கம். முதல் பக்கத்தில என்ர பதினேழு வருசச் சேவைக்கு நன்றி. ரெண்டாம் பக்கத்தில நான் செய்த குற்றம். மூண்டாம் பக்கத்தில, இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேலையால நிப்பாட்டுவினமாம். இந்த நாட்டில ஒருத்தனை ஏசுறதெண்டாலும் முதல் நன்றி சொல்லிப்போட்டுத்தான் ஏசுவினம். எனக்கு ஏச்சைவிட அந்த நன்றிதான் கூட அரியண்டமா இருந்தது.

ஊரில இருந்து வாசிக்கிறவை கேட்பியள், கோயிலில மணி அடிச்சதுக்கு என்னத்துக்கு எச்சரிக்கை எண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுறன். நகரத்தின்ர பேரையும் கோயிலின்ர பேரையும் எழுதமாட்டன். பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு.

நான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரன். அகதியா சுவிசுக்கு வந்து, ஆராவ் நகரத்தில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில எட்டு வருசம் கோப்பை கழுவி, இன்னும் என்னென்னவோ செய்து, கடைசியா இந்த நகரத்துப் பெரிய கோயிலில வேலை எடுத்தனான். எங்கட கத்தோலிக்கக் கோயில் இல்லை, புரட்டஸ்தாந்துக் கோயில். கோயிலைத் திறந்து, பூட்டி, கூட்டித் துடைச்சு, மெழுகுதிரி மாத்தி, மணி அடிக்கிற ஆளை இஞ்ச சிக்ரிஸ்ட் எண்டு சொல்லுவினம். பெரிய சிக்ரிஸ்ட் ஹெர் கெல்லர், அதாவது மிஸ்ரர் கெல்லர், எண்ட சுவிஸ்காரர், நான் அவருக்குக் கீழ. வேலை கிடைச்ச அண்டு என்ர மனிசி ஜெசிந்தாவுக்குச் சொன்னன், "இஞ்ச பாருமப்பா, ஆண்டவர் கடைசியில என்னைத் தன்ர வீட்டு வேலைக்கே எடுத்திட்டார்" எண்டு. அவ அண்டைக்குச் சந்தோசத்தில பாயாசம் காய்ச்சினவ. வீட்டுக்காரர் அங்க குடியிருக்கிறாரோ எண்டு நாங்கள் ரெண்டுபேரும் யோசிக்கேல்லை.

2

இந்தக் கோயிலின்ர சரித்திரம் எனக்குப் பாடம். புதன்கிழமையில ஒரு வழிகாட்டி மனிசி வெளிநாட்டுச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து அதே கதையை அதே பகிடியோட சொல்லுவா. நான் சனம் இருக்கிற வாங்குக்குக் கீழ கூட்டிக்கொண்டு கேட்டபடி. பதினேழு வருசமா கேட்டால் ஆருக்கும் பாடமாகும்.

அஞ்ஞூறு வருசத்துக்கு முதல் இதுவும் எங்கட கோயில்தானாம். சுரூபம், பீடம், பூசை, தூபம் எல்லாம் இருந்ததாம். பிறகு சீர்திருத்தக்காரர் வந்தினம். சுரூபங்களை இறக்கி உடைச்சு, மரத்தில செய்ததை எரிச்சு, சுவரில கீறியிருந்த அர்ச்சிஷ்டவர்களுக்கு, அதுதான் புனிதர்களுக்கு, மேல சுண்ணாம்பு அடிச்சினம். ஓர்கன் வாத்தியத்தையும் விட்டுவைக்கேல்லை. கோயிலுக்குள்ள பாட்டும் கூத்தும் வேண்டாம், வேதவாக்கியம் மட்டும் காணும் எண்டு கன காலம் ஒரு பாட்டுச் சத்தம் இல்லாமல் இருந்ததாம். நான் கத்தோலிக்கன், எனக்கு அதில சம்மதமில்லை. எண்டாலும் அந்தாக்களில எனக்கு ஒரு மரியாதை இருக்கு. நம்பினதைச் செய்தவை.

இப்ப அதே கோயிலில மார்கழி முழுக்கக் கச்சேரி. பாட்டே வேண்டாமெண்ட இடத்தில இப்ப பாட்டைத் தவிர வேற ஒண்டுமில்லை. ஒரு நாள் கம்பெனிக்காரரின்ர கச்சேரி, அடுத்த நாள் வங்கிக்காரரின்ர கச்சேரி, அதுக்கடுத்த நாள் மெழுகுதிரிக் கச்சேரி. மெழுகுதிரி எண்டு சொல்லி வைக்கிறது பற்றரி வெளிச்சம். தூணுக்கெல்லாம் ஊதா நிற லைற் அடிப்பினம், கலியாண மண்டபம் கெட்டுது. இடைவேளையில ஆப்பரோ. அதாவது நிண்டுகொண்டு குடிச்சுக் கொறிக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல கோட்டுகளைக் குவிச்சு வைப்பினம். நிலத்தில ஆரோ ஒரு பழைய பிரபுவின்ர கல்லறைக் கல்லு கிடக்கு, அதுக்கு மேல வைன் கிளாசை வைச்சிட்டுப் போவினம். போன வருசம் பிரசங்க மேடைப் படியில ஒருத்தர் சத்தி எடுத்து வைச்சிருந்தார். உடுப்பைப் பார்த்தா பெரிய உத்தியோகத்தர்தான். அதைக் கழுவினவன் நான். கழுவேக்க மேல இருந்து மேளதாளமா அமைதி, அன்பு எண்டு பாடிக்கொண்டு இருக்கினம். எனக்கு அந்தச் சத்தியில வந்த ஓக்காளம் குறைவு, பாட்டில வந்ததுதான் கூட.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், அண்டு காலமை ஆராதனைக்கு வாறது இருபது பேர். அதில பாதி ஊன்றுகோல்.

இதுக்குள்ள ஒரு இடத்தை மட்டும் கண்ணுக்குள்ள வைச்சுப் பார்ப்பினம். வடக்குச் சுவரில சுண்ணாம்பைச் சுரண்டேக்க ஒரு பழைய ஓவியத்தின்ர துண்டு வெளிக்கிட்டதாம். ஒரு முழங்கையும் அரை ஆட்டுக்குட்டியும். ஆற்ற முழங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குக் கண்ணாடி, எச்சரிக்கை மணி, ஈரப்பதம் பார்க்கிற கருவி எல்லாம் பூட்டியிருக்கு. மாதத்தில ஒருக்கா ஓவியம் திருத்துற ஒரு அம்மா வந்து பூதக்கண்ணாடியால பார்த்திட்டுப் போவா. எனக்கு வேலை தொடங்கேக்கையே சொல்லிப்போட்டினம், அதுக்குக் கிட்ட நிண்டு மூச்சு விடக்கூடாதாம். நானும் பதினேழு வருசமா மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்த மூலையைக் கூட்டுறன்.

3

இப்ப எங்கட பாலனுக்கு வாறன்.

எங்கட ஊர்க் கோயிலில ஒரு குழந்தை இயேசு சுரூபம் இருந்தது. முழங்கை நீளம், சுண்ணாம்புக் களியில செய்தது, இடது கால் கொஞ்சம் தூக்கினபடி. வருசம் முழுக்கப் பெட்டிக்குள்ள இருக்கும். குடிலில மாதா இருப்பா, சூசையப்பர் இருப்பார், மாடு ஆடு எல்லாம் நிக்கும், நடுவில வைக்கல் மட்டும் வெறுமனே கிடக்கும். நத்தார்ப் பூசையில குளோரியா பாடத் தொடங்கேக்கைதான் சுவாமி, அதாவது குருவானவர், பாலனைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கணம் மணி அடிக்கோணும். அதுக்கு முதல் பாலனை ஒருத்தரும் பார்க்கக்கூடாது, ஏனெண்டால் இன்னும் பிறக்கேல்லை. பூசை முடிய சுவாமி பாலனைக் கையில ஏந்திக்கொண்டு நிக்க, எல்லாரும் வரிசையில போய்ப் பாலன்ர காலை முத்தி செய்வம். முத்தி எண்டால் கொஞ்சுறது, முத்தம் குடுக்கிறது. பக்கத்தில ஒரு ஆள் வெள்ளைத் துணியோட நிண்டு துடைச்சுவிடும். எத்தனையோ தலைமுறை கொஞ்சிக் கொஞ்சி அந்த இடது காலில நிறமே இல்லை. வெறும் வெள்ளைக் களி. ஐஞ்சு விரலும் தேஞ்சு ஒண்டாப் போச்சு.

சண்டைக்குள்ள கோயில் கூரை விழுந்தது, பாலன் தப்பிச்சார். சண்டை முடிய இத்தாலியில இருக்கிற எங்கட ஊர்ச்சனம் பளபளவெண்டு புதுப் பாலன் ஒண்டு வாங்கிக் குடுத்தினம். பழசை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சுவாமி கிடங்கு வெட்டித் தாழ்ப்பம் எண்டிருக்கிறார். நான் அந்த நேரம் ஊருக்குப் போயிருந்தனான். காலில விழாத குறையாக் கேட்டு வாங்கி, வேட்டியில சுத்தி, கைப்பெட்டிக்குள்ள வைச்சு இஞ்ச கொண்டு வந்தன்.

விமான நிலையத்தில சுங்கக்காரன் பிடிச்சிட்டான். எக்ஸ்றே மிசினுக்குள்ளால பார்த்தா ஒரு குழந்தை. பெட்டியைத் திறக்கச் சொல்லிப்போட்டு ரெண்டடி தள்ளி நிண்டான். பிறகு புராதனப் பொருளோ, விற்கவோ, எத்தனை வருசம் பழசு எண்டு ஒரு படிவம் தந்தான். அதில, இந்தப் பொருளின்ர பயன்பாடு என்ன எண்டு ஒரு கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஜேர்மன் பாசையில "கொஞ்சுறதுக்கு" எண்டு எழுதிக் குடுத்தன். அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்திட்டுப் போகச் சொல்லிப்போட்டான்.

அண்டையில இருந்து பாலன் எங்கட வீட்டு அலுமாரிக்குள்ளதான், வேட்டியில சுத்தினபடி. வருசத்தில ஒருக்கா வெளியில எடுக்கிறது. இருபத்தினாலாம் திகதி எங்கட தமிழ்ப் பூசை. நகரத்துக்கு வெளியில ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலை வாடகைக்குத் தருவினம். அவையின்ர பூசை இரவு இருக்கிறபடியால் எங்கட நடுச்சாமப் பூசை பின்னேரம் ஐஞ்சு மணிக்கு. மணி அடிக்கவும் அனுமதியில்லை, அக்கம்பக்கத்துச் சனம் முறைப்பாடு குடுக்குமாம். குளோரியாவுக்கு ஒரு கைமணியைக் கிணுக்குவம். போகட்டும். பாலன் இருக்கிறார்தானே.

அந்தப் பூசைக்கு ரெஜினா அக்கா வருவா. எங்கட ஊர் மனிசி, வயசு எழுபத்தெட்டு, முதியோர் இல்லத்தில இருக்கிறா. அவவுக்கு ஒரே ஒரு பெடியன், டெனிசன். ஐஞ்சு வயசில நத்தார்ப் பூசையில இந்தப் பாலனைக் கொஞ்சினவன். அடுத்த ஆடியில தாயும் பிள்ளையும் இந்தியாவுக்கெண்டு வெளிக்கிட்ட வள்ளம் கவிண்டு போச்சு. அவவை மட்டும்தான் இழுத்து எடுத்தினம். வீடும் எரிஞ்சு போனபடியால் பெடியன்ர படம் ஒண்டுகூட இல்லை. நான் பாலனைக் கொண்டு வந்து சேர்த்த முதல் வருசம், வரிசையில வந்து பார்த்திட்டு அந்த மனிசி அப்பிடியே நிண்டா. "தம்பி அருளப்பு, இதில என்ர பிள்ளையின்ர வாய் பட்டது" எண்டா. ஒவ்வொரு வருசமும் நான்தான் துணியோட நிக்கிறனான். அவ மட்டும் நல்லாக் குனிஞ்சு, கழுத்தை வளைச்சுக் கொஞ்சுவா. நாரிப்பிடிப்பாக்கும், இடுப்பு நோவாக்கும் எண்டு நான் நினைச்சிருந்தன்.

4

என்ர மகள் ஷரோனுக்கு இருபத்தாறு வயசு. நிகழ்ச்சி ஒழுங்கு செய்யிற ஒரு கந்தோரில வேலை. எங்கட பெரிய கோயிலில கச்சேரி வைக்கிறதும் அந்தக் கந்தோர்தான். தகப்பன் கூட்டுற இடத்தில மகள் கழுத்தில அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஓடித் திரியிறா. பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். ஆனால் தமிழ்ப் பூசைக்கு வந்து ஆறு வருசம். கேட்டால், "அப்பா, டிசம்பர் எங்களுக்கு ஹை சீசன்" எண்டுவா. ஆண்டவர் பிறக்கிறதும் அவவுக்கு ஹை சீசன்.

மார்கழி பதினாலாம் திகதி பெரிய கச்சேரி. வானொலியிலயும் பதிவு செய்யினம். மேடையில ஒரு குடில், புகை விடுற மிசின், சின்னப் பிள்ளையளின்ர பாடகர் குழு. ஹெர் கெல்லர் என்னை மணிப் பலகைக்குப் பக்கத்தில நிப்பாட்டினார். ஐஞ்சு மணியும் கரண்டில ஓடுறது, ஒரு பட்டனை அழுத்தினால் காணும். "கடைசிப் பாட்டு முடிய பச்சை லைற் எரியும், அப்ப அழுத்து. அதுக்கு முதல் தொடாதை" எண்டார்.

நான் கறுத்தக் கோட்டோட நிக்கிறன். பாட்டு உச்சத்துக்குப் போகுது. மாதா வேசம் போட்ட பாட்டுக்காரி வைக்கலுக்குள்ள குனிஞ்சு குழந்தையைத் தூக்கினா. எல்லா லைற்றும் அதில விழுந்தது. இடது கால் கொஞ்சம் தூக்கினபடி.

சத்தியமா நான் நினைச்சு அழுத்தேல்லை. பத்து வயசில இருந்து பதினெட்டு வயசு மட்டும் எங்கட கோயிலில நத்தாருக்கு மணிக்கயிறு இழுத்தவன் நான். சுவாமி பாலனைத் தூக்குவார், நான் இழுப்பன். நடுவில யோசனை எண்டு ஒண்டு இல்லை. என்ர பாலனைக் கண்டிட்டு என்ர கை தன்ர வேலையைச் செய்துபோட்டுது.

ஐஞ்சு மணியும் ஒண்டா அடிக்கத் தொடங்கிச்சு. பட்டனை உடனே திருப்பி அழுத்தினன். அழுத்தி என்ன, பெரிய மணி ஆடத் தொடங்கினால் தானா ஓயுமட்டும் பார்த்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான். வாத்தியக்குழு நடத்துனர் கையைத் தூக்கினபடி நிக்கிறார், வயலின்காரர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கினம், பிள்ளையள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்குதுகள். வானொலிப் பதிவு துலைஞ்சுது. ஹெர் கெல்லர் ஓடிவந்து, "ஹெர் அருள், என்ன செய்தாய்?" எண்டார். "பிறந்திட்டார்" எண்டன்.

சபையில இருந்த சனம் என்ன செய்தது தெரியுமோ? எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. நிகழ்ச்சியில இதுவும் ஒரு பகுதியெண்டு நினைச்சிட்டினம். பிறகு ஒரு மனிசி கையில கிளாசோட என்னட்டை வந்து, மணி அடிச்ச கட்டம் அருமையெண்டு சொல்லிப்போட்டு, கழிப்பறை எங்கயெண்டு கேட்டா. சீ, பிழை விட்டாலும் அதையும் ரசிச்சு விழுங்கிற கூட்டம்.

மேடைக்குப் பின்னால போய்ப் பாலனைக் கையில எடுத்தன். எடுத்த உடனே கண்டிட்டன். இடது காலுக்கு நல்ல றோசா நிறம் பூசியிருந்தது. தேஞ்ச விரலுக்கு மேல ஐஞ்சு நகமும் கீறியிருந்தது.

பவுடர்ப் பெட்டிகளோட அங்க ஒரு பெட்டை இருந்தது, வேசம் போட்டுவிடுற பிள்ளை. "கால் பழுதாப் போயிருந்தது. நான் சரியாக்கி விட்டிருக்கிறன்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சு. அந்தப் பிள்ளையில பிழையில்லை. அதுக்கு என்ன தெரியும்? நான் ஏசேல்லை. நன்றி சொன்னன். இந்த நாடு எனக்கும் அதைப் பழக்கிப்போட்டுது.

5

அடுத்த நாள் காலமை வீட்டில நடந்ததைக் கேளுங்கோ. ஷரோன் கோப்பிக் கோப்பையோட வந்து இருந்து, முதல் தானே தொடங்கினா.

"அப்பா, யூ ருயின்ட் இற், எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டியள். என்ர போஸ் என்னோட கதைக்கிறார் இல்லை. எல்லாருக்கும் தெரியும் அந்த மணி அடிச்சது என்ர அப்பா எண்டு."

"என்ர அலுமாரியில கை வைக்க உனக்கு ஆர் சொன்னது?"

"அவையிட்ட இருந்தது ஒரு பிளாஸ்ரிக் பொம்மை. டிரெக்டருக்குப் பிடிக்கேல்லை. எங்கட வீட்டில பழசு ஒண்டு இருக்கெண்டு நான்தான் சொன்னனான்."

"பத்து நாள் இருக்குதடி பிறக்க! பிறக்காத பிள்ளையை லைற்றுக்குள்ள தூக்கிக் காட்டுறியள். வைன் குடிக்கிறவைக்கு விளையாட்டுக் காட்டவோ அது?"

ஜெசிந்தா குசினிக்குள்ள இருந்து, "ரெண்டுபேரும் கத்தாதேங்கோ, கீழ் வீட்டுக்காரி கடிதம் போடுவள்" எண்டா. எங்கட வீட்டுச் சண்டையும் கட்டட விதிப்படிதான் நடக்கோணும்.

ஷரோன் கோப்பையை வைச்சா. கண் கலங்கியிருந்தது. "நான் உங்களுக்காண்டித்தான் செய்தனான். என்ர கந்தோரில உங்களைத் துடைப்பத்தோட மட்டும்தான் கண்டிருக்கினம். எங்களிட்டையும் ஒரு வடிவான பழைய சாமான் இருக்கெண்டு காட்டத்தான். நிகழ்ச்சிப் புத்தகத்தில உங்கட பேரும் போட்டிருக்கு. நீங்கள் பார்க்கவே இல்லை."

நான் பார்க்கேல்லைத்தான். பிறகு பார்த்தன். கடைசிப் பக்கத்தில, அனுசரணை செய்த வங்கிக்குக் கீழ, கடுகளவு எழுத்தில இருந்தது. அந்த நேரம் எனக்கு அதெல்லாம் காதில ஏறேல்லை.

"சாமானோ? பாலன் உனக்குச் சாமானோ? சரி, காலுக்கு என்னத்துக்குப் பூசினியள்?"

"அது தேஞ்சு போய் அசிங்கமா கிடந்ததப்பா. இற்ஸ் ஒன்லி பெயின்ற், வெறும் பெயின்ற்தானே."

அசிங்கம் எண்ட அந்தச் சொல்லில எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எந்தச் சொல்லால என்னென்ன சொன்னன் எண்டு இஞ்ச எழுதேலாது, கோதாரி எண்டதுதான் அதில மரியாதையான சொல்லு. ஒரு முழங்கைக்கும் அரை ஆட்டுக்கும் கண்ணாடி போட்டு, என்னை மூச்சு விடவும் விடாத இடத்தில, எங்கட சனம் காலங்காலமாக் கொஞ்சின காலைப் பவுடர்ப் பஞ்சால பூசி முடிச்சிட்டியளே எண்டு கேட்டன். என்ர அம்மான்ர வாய் அதில கிடந்தது, உன்ர அம்மான்ர குடும்பம் முழுக்க அதில கிடந்தது எண்டன்.

ஜெசிந்தா கையைத் துடைச்சுக்கொண்டு வந்து வாசலில நிண்டா. "அதெல்லாம் இருக்கட்டும். ரெஜினா அக்காவுக்கு இனி ஆர் சொல்லுறது?" எண்டா.

ஷரோனுக்கு டெனிசன்ர கதை தெரியாது. நாங்கள் சொல்லேல்லை. ஆறு வருசமாப் பூசைக்கு வராத பிள்ளைக்கு எப்ப சொல்லுறது? ஜெசிந்தாதான் சொன்னா, வள்ளத்தில இருந்து கடைசி மட்டும். கேட்டு முடிய ஷரோன் எழும்பிப் போய்த் தன்ர அறைக் கதவைச் சாத்தினா.

6

திங்கக்கிழமை ஓவியம் திருத்துற அம்மா முழங்கையைப் பார்க்க வந்தா. நான் பாலனைப் பெட்டியோட கொண்டு போயிருந்தனான். பெட்டியைத் திறந்து வைச்சன். அவ குனிஞ்சு பூதக்கண்ணாடியால காலுக்கு மேல பார்த்தா.

"அக்கிறிலிக் பெயின்ற். களி உறிஞ்சிட்டுது. சுரண்டினால் கீழ இருக்கிறதும் சேர்ந்து வந்திடும். தொடாமல் விடுறது நல்லம்" எண்டா. பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் கோவமாக் கேட்டா, "ஏன் இப்பிடிப் பழைய பொருளுக்குப் பெயின்ற் அடிக்கிறியள்? உங்கட சனத்துக்கு இதின்ர பெறுமதி தெரியாதோ?"

நான் பெட்டியை மூடிக்கொண்டு வந்திட்டன். பிறகு திறந்து பார்க்கேல்லை. பார்க்க அரியண்டமா இருந்தது.

இருபத்தினாலாம் திகதி பின்னேரம் வெளிக்கிடேக்க ஷரோன் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில நிண்டா. ஹை சீசன் எங்கயெண்டு கேட்க வாய் வந்தது, ஜெசிந்தா என்ர கையில கிள்ளினா. கோயிலில குளோரியாவுக்குக் கைமணி கிணுங்கிச்சுது, சுவாமி பாலனைத் தூக்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

முத்தி செய்ய வரிசை வைச்சினம். நான் துணியை எடுக்கப் போனன். கொரோனாவுக்குப் பிறகு அதில மருந்துத் தண்ணியும் தெளிக்கோணும். ஷரோன் என்ர கையில இருந்து அதை வாங்கினா. "நான் நிக்கிறன்" எண்டா. சரி நில்லெண்டு விட்டிட்டுப் பக்கத்தில நிண்டன்.

சனம் வந்து கொஞ்சிச்சுது. "ஆ, பாலனுக்குப் புதுக்கால் போட்டாச்சோ?" எண்டு ஒருத்தர். "இப்பதான் வடிவாயிருக்கு" எண்டு இன்னொருத்தி. ஐயோ மாதாவே, எங்கட சனமே சொல்லுது. நகம் கீறியிருக்கிறதைத் தன்ர பிள்ளைக்குக் காட்டி ஒருத்தி போனில படமும் எடுத்தாள். பெரிய கோயிலில கிளாசோட நிண்டவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கோ. எனக்கு அந்த இடத்தை விட்டு வெளியில போய்ப் பனிக்குள்ள நிண்டால் காணும் எண்டு இருந்தது. ஆனால் ரெஜினா அக்கா வரிசையில வந்துகொண்டிருந்தா, கைத்தாங்கி வண்டிலை உருட்டி உருட்டி. போகவும் ஏலாது, நிக்கவும் ஏலாது.

அவ கிட்ட வந்தா. காலைப் பார்த்தா. ஷரோன் ஒரு அடி முன்னுக்கு வைச்சு, "அன்ரி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அந்தக் கால்... அது நான்தான்..." எண்டா.

"பிறகு சொல்லு பிள்ளை. பின்னால சனம் நிக்குது" எண்டு சொல்லிப்போட்டு ரெஜினா அக்கா வண்டிலை விட்டா. சுவாமியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, வழக்கம்போல நல்லாக் குனிஞ்சு, கழுத்தை வளைச்சு, முகத்தை மேல திருப்பினா. அவவின்ர வாய் காலுக்கு மேல போகேல்லை. தூக்கின காலுக்குக் கீழ, குதிக்கால் அடியில போச்சு.

நானும் குனிஞ்சன். பதினைஞ்சு வருசமாத் துணியோட பக்கத்தில நிண்டவன், முதல்தரம் கீழால பார்த்தன். குதிக்காலின்ர அடியில நிறமில்லை. வெறும் வெள்ளைக் களி. சபைக்குத் தெரியிற பக்கம் மட்டும் பூசிப்போட்டு, தெரியாத பக்கத்தைப் பூசாமல் விட்டிருக்கினம்.

ரெஜினா அக்கா மெல்ல நிமிர்ந்து மூச்சு வாங்கினா. ஷரோன் அவவையே பார்த்துக்கொண்டு நிண்டா.

"டெனிசன் கட்டையன், பிள்ளை" எண்டா ரெஜினா அக்கா. "சுவாமி குனியேல்லை. எக்கி எக்கிப் பார்த்தவன். எட்டினது குதிக்கால் மட்டும்தான்."

வண்டிலைத் திருப்பிக்கொண்டு தன்ர வாங்குக்குப் போனா. அடுத்து நிண்ட மனிசி, துடைக்கட்டும் எண்டு காத்துக்கொண்டு நிண்டா. ஷரோன் துணியைப் பிடிச்ச கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போனா.